வீட்டுக் கொல்லையில் ஒரு சிறு பண்ணை

(பொன்விழா ஆண்டில் நடைபெற்ற அன்பியங்களின் பொதுக்கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் குழுவினர் நம்மிடம் வந்து, குடும்பங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு பொருளைப் பற்றி இன்று பேச வேண்டுமென்று கேட்டுக்கொண்டார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருள் கோழி, ஆடு, கீரை, முருங்கை. "சாமியார் செபத்தைப் பற்றிச் சொல்வார் என்று வந்தால் சாணத்தைப் பற்றிச் சொல்கிறாரே" என்று பின்வரிசையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது தெரிகிறது. லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டுகளாகக் காய்க்காத அத்திமரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டத் தொழிலாளியோ, இன்னும் ஓராண்டு விட்டுவையுங்கள், சுற்றிலும் கொத்தி எருப்போட்டுப் பார்க்கிறேன் என்று மன்றாடுகிறார். உவமை சொன்ன ஆண்டவரே எருவை விட்டுவிடவில்லை; அவருடைய ஊழியர் விட்டுவிடலாமா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். பண்ணை என்றவுடன் பம்புசெட்டும் டிராக்டரும் பத்து ஏக்கரும் உங்கள் மனத்தில் வந்தால், அது நாம் சொல்லும் பண்ணை அன்று. நம் பங்கில் பல வீடுகளுக்குப் பின்னால் 3 சென்டோ 5 சென்டோ இடம் கிடக்கிறது. ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 435 சதுர அடி. அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? உடைந்த ஓடு, பழைய கட்டில் சட்டம், பிளாஸ்டிக் பை, மூலையில் சீமைக் கருவேல். அதைத் துப்புரவு செய்து 4 பாத்திக் கீரை, ஒரு பந்தல், ஒரு முருங்கை, 2 வாழை, 5 கோழி. இடம் இன்னும் கொஞ்சம் இருந்தால் 2 ஆடு. இவ்வளவுதான். இது பிழைப்புக்கான பண்ணை அன்று. உங்கள் பிழைப்பு எதுவோ அது அப்படியே இருக்கட்டும். பள்ளிக்கூடத்து வாத்தியாராயினும், பஸ் கண்டக்டராயினும், கடை வைத்திருப்பவராயினும், காலையில் ஒரு மணி நேரம் மாலையில் ஒரு மணி நேரம் மனமகிழ்ச்சிக்காகச் செய்யும் சிறு வேளாண்மையைத்தான் சொல்கிறோம்.

இந்த வேறுபாட்டை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2012ஆம் ஆண்டில் பெருந்துறைப் பக்கத்தில் என்ன நடந்தது என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஈமு கோழி வளர்த்தால் மாதந்தோறும் பணம், ஆண்டு முடிவில் ஊக்கத்தொகை என்று விளம்பரம் செய்தார்கள். நிலத்தை அடகு வைத்தும், தாலிச் சங்கிலியை விற்றும், ஓய்வூதியப் பணத்தைக் கொட்டியும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். நிறுவனங்கள் கதவைச் சாத்தியபின் பணமும் இல்லை, பறவைகளுக்குத் தீனியும் இல்லை. அந்தப் பறவைகளை அரசாங்கமே வந்து காப்பாற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பெயர் பண்ணை என்று வைத்திருந்தார்கள். உண்மையில் அங்கே நடந்தது சீட்டு விளையாட்டு. மண்ணோடு வியர்வை சிந்தாமல் மண்ணிலிருந்து பணம் வரும் என்று யார் வந்து சொன்னாலும் வாசலிலேயே கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். நாம் சொல்லும் பண்ணைக்கு முதலீடு ஒரு மண்வெட்டி, ஒரு கூடை, விதைப் பொட்டலம், அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கும் ஓர் அடைக்கோழி. முதல் ஆண்டில் லாபமே இராது. வேலி அடைக்கவும் கூடு செய்யவும் ஆகும் செலவைக் கணக்குப் பார்த்தால், ஒரு முட்டை என்ன விலையில் விழுந்தது என்று வீட்டுக்காரர் நம்மைத் திட்டக்கூடும். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம்.

அப்படியானால் இதனால் என்ன நன்மை? நஞ்சு தெளிக்காத கீரை, புது முட்டை, மருத்துவர் நடக்கச் சொன்ன நடையை மண்வெட்டியோடு நடந்துவிடலாம் என்பவையெல்லாம் உண்மைதான். அவற்றைப் பற்றிப் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் நிறையச் சொல்கின்றன. நாம் நீட்ட வேண்டியதில்லை. பங்குச் சாமியார் என்ற முறையில் வீடு வீடாகப் போய்வரும் நமக்குத் தென்படும் நன்மை வேறு. இக்காலத்தில் ஒரு குடும்பத்தில் பாட்டி முதல் பேரன் வரை அனைவரும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? தகப்பனார் வேலை பார்க்கும் இடத்தைப் பிள்ளை கண்ணால் கண்டதில்லை. பிள்ளை கணினியில் என்ன படிக்கிறான் என்பது தாய்க்கு விளங்குவதில்லை. ஒரே கூரையின் கீழ் நாலு பேர் நாலு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். குடும்பச் செபத்துக்கு ஒன்றுகூடுங்கள் என்று நாம் ஞாயிறுதோறும் சொல்கிறோம். பகல் முழுவதும் ஒன்றிலும் ஒன்றுசேராதவர்கள் இரவு எட்டு மணிக்குச் செபமாலைக்கு மட்டும் எப்படி ஒன்றுசேருவார்கள்? கோழியை அடைக்கப் பேரன், தீனி போடப் பாட்டி, பாத்தி வெட்டத் தகப்பன், விதை காயவைக்கத் தாய் என்று எல்லாருக்கும் அதில் பங்கு இருக்கிறது. ஒருவர் செய்வது மற்றவருக்கு விளங்குகிறது. இதைத்தான் நாம் முதன்மையான நன்மை என்கிறோம்.

வயதானவர்களைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கு நன்மை கொடுக்கப் போகும்போது நாம் கேட்கும் முறையீடு பெரும்பாலும் உடல் வலியைப் பற்றியதன்று. "எதுக்கும் உதவாமக் கிடக்கிறேன் சாமி, ஆண்டவர் ஏன் இன்னும் எடுத்துக்கொள்ள மாட்டேங்கிறார்" என்பதுதான் அது. சோறும் மருந்தும் தவறாமல் கொடுக்கும் நல்ல பிள்ளைகளைப் பெற்றவர்களே இப்படிச் சொல்கிறார்கள். உழைத்தே பழகிய கைகளுக்கு உட்கார்ந்து வாங்கிக்கொள்வது பெரும் பாரம். நம் பங்கில் கணவரை இழந்த ஒரு தாயார், கட்டிலை விட்டு எழவே மனமில்லாமல் இரண்டு ஆண்டுகள் கிடந்தார். பேத்தி பள்ளிக்கூட வேடிக்கைக்காக வாங்கி வந்த மூன்று கோழிக்குஞ்சுகளை யார் பார்ப்பது என்ற சண்டை வந்தபோது, "இங்கே கொண்டாங்கடி" என்று அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது மூவேளைச் செப மணி அடிக்கும் முன்னே எழுந்து பஞ்சாரத்தைத் தூக்கிவிடுகிறார். மூட்டுவலி போய்விட்டதா என்றால் போகவில்லை. ஆனால் சென்ற முதல் வெள்ளியில் நாம் போனபோது தம் சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து வீட்டு நாயைப் பற்றித்தான் பேசினார்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். துபாயிலும் குவைத்திலும் சிங்கப்பூரிலும் நம் பங்கின் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் போனில் பேசும்போது வீட்டார் பேசுவது என்ன? பணம் வந்ததா, தவணை கட்டியாயிற்றா, தங்கச்சி கலியாணத்துக்கு இன்னும் எவ்வளவு வேண்டும். பாவம், அந்தப் பையன் போனை எடுக்கவே அஞ்சுகிறான். விடுமுறைக்கு வந்திருந்தபோது கொல்லையில் ஒரு முருங்கைப் போத்தை நட்டுவிட்டுப் போன ஒரு பிள்ளை, வாரந்தோறும் தாயைக் கூப்பிட்டு மரத்தைக் காட்டச் சொல்கிறான். பூத்ததா, காய்த்ததா, கம்பளிப்பூச்சி வந்ததா என்று கேட்கிறான். மகனும் தாயும் பணத்தைத் தவிர வேறொன்றைப் பேசுவதற்கு அந்த மரம் வழி செய்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தும் ஆசிரியைகள் ஒன்று சொன்னார்கள். விதைப்பவர் உவமையைச் சொல்லிக்கொடுக்கும்போது வகுப்பில் விதை முளைத்து வருவதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு கைகள்தாம் உயர்ந்தன. விவசாயிகளின் பேரப்பிள்ளைகள் இவர்கள்! விதைப்பவரும், கடுகு விதையும், மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியும், குஞ்சுகளைச் சிறகின்கீழ்க் கூட்டிச் சேர்க்கும் கோழியும் நற்செய்தியில் எங்கும் வருகின்றன. நம் முன்னோருக்கு இவற்றுக்கு விளக்கவுரை தேவைப்பட்டதில்லை. இன்று பருந்தின் நிழல் விழுந்தவுடன் தாய்க்கோழி எழுப்பும் குரலையும், குஞ்சுகள் ஓடி மறைவதையும் கண்டிராத பிள்ளைக்கு, எருசலேமைப் பார்த்து ஆண்டவர் அழுத அழுகை எப்படி விளங்கும்? ஆசிரியைகள் அதற்குப்பின் ஆளுக்கொரு கொட்டாங்கச்சியில் மண் நிரப்பி அவரை விதை ஊன்றச் சொன்னார்கள். பிள்ளைகளில் பாதிப் பேர் முளைத்ததா என்று பார்க்க நாள்தோறும் தோண்டித் தோண்டியே கெடுத்துவிட்டார்களாம். அடுத்த முறை அவர்களே தோண்டாமல் காத்திருந்தார்களாம்.

இது நம் திருச்சபைக்குப் புதிய காரியமும் அன்று. தொடக்க நூலின் 2ஆம் அதிகாரத்தில், மனிதனைத் தோட்டத்தில் வைத்த ஆண்டவர், அதைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் பணித்தார் என்று வாசிக்கிறோம். அது பாவத்திற்கு முன்னே நடந்தது என்பதைக் கவனியுங்கள். மண்ணில் உழைப்பது தண்டனையாக வந்ததன்று. வியர்வையும் முள்ளும்தாம் பின்னால் வந்தன. உயிர்த்த ஆண்டவரை மகதலா மரியா முதலில் தோட்டக்காரர் என்றே எண்ணினார். நாம் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் புனித பெனடிக்ட், 6ஆம் நூற்றாண்டில் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குநூலில், செபத்திற்கும் வாசிப்பிற்கும் மட்டுமன்றிக் கைவேலைக்கும் நாளில் நேரம் குறித்தார். மடத்தின் மதிலுக்குள்ளேயே தண்ணீரும் மாவாலையும் தோட்டமும் இருக்க வேண்டுமென்றும் எழுதி வைத்தார். படித்தவர்களும் பிரபு குலத்தவர்களும் அந்தத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தார்கள்.

1622ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் பாப்பரசர் 15ஆம் கிரகோரியார் ஐவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். நம் முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்து சேர்ந்த புனித சவேரியார் அவர்களில் ஒருவர். இஞ்ஞாசியார், அவிலா தெரேசம்மாள், பிலிப்பு நேரியார் மற்ற மூவர். இத்தனை பெரியவர்களோடு ஒரே நாளில் பீடமேறிய ஐந்தாமவர் யார் தெரியுமா? மாட்ரிட் நகரத்துப் பண்ணையொன்றில் கூலிக்கு ஏர் ஓட்டிய இசிதோர் என்ற உழவர். சபை நிறுவியவர் அல்லர், நூல் எழுதியவர் அல்லர். காலையில் பூசை கண்டுவிட்டு வயலுக்குப் போனார். பறவைகளுக்கும் பசித்தவர்களுக்கும் தம் தானியத்தில் பங்கு கொடுத்தார் என்பதே அவருடைய வரலாறு. அவர் மனைவி மரியாவையும் புனிதை என்றே திருச்சபை வணங்குகிறது. மே 15 அவர் திருநாள். நம் ஊர்களில் அவருக்கு ஒரு கெபிகூட இல்லாதது குறைதான்.

அகுஸ்தீனார் சபைத் துறவி கிரகோர் மெண்டலை உங்கள் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். 1856 முதல் 1863 வரை மடத்துக் கொல்லையில் ஒரு சிறு துண்டு நிலத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, உயரமும் நிறமும் தலைமுறைதோறும் எப்படி இறங்கி வருகின்றன என்று எண்ணி எண்ணிக் குறித்துவைத்தார். 1866இல் அவர் அச்சிட்டதை உலகம் கவனிக்கவில்லை. அவர் இறந்தது 1884இல். உண்மை உணரப்பட்டது 1900இல். உரோமைக்கு அருகிலுள்ள காஸ்தல் கந்தோல்போவில் 11ஆம் பத்திநாதர் காலத்தில் பாப்பரசர்களுக்கென்றே ஒரு பண்ணை அமைக்கப்பட்டது. பசுவும் கோழியும் அங்கே உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலின் பெயரைத் தாங்கிய ஒரு மையம் அதே தோட்டத்தில் உருவாகி, திருத்தந்தை 14ஆம் லியோ அவர்களால் 2025 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்டது. பாப்பரசர் வீட்டில் கோழி கூவலாம், நம் வீட்டில் கூவினால் கௌரவக் குறைச்சலா?

கௌரவம் என்ற சொல் தற்செயலாக வரவில்லை. புது வீடு கட்டியவர்கள் கொல்லையில் சிமெண்டு போட்டு மெழுகிவிடுகிறார்கள். பிள்ளைகளைப் படிக்கவைத்ததே மண்ணை விட்டு விலகத்தானே என்கிறார்கள். அந்த நியாயம் நமக்குப் புரிகிறது. கூலிக்கு நாற்று நட்டு முதுகு வளைந்தவர்களும், அடுத்தவர் நிலத்தில் அவமதிப்புப் பட்டவர்களும் மண் என்றாலே விலகிப்போக விரும்புவதைக் குறை சொல்ல நாம் யார்? ஆனால் அன்று உழைத்த மண் அடுத்தவருடையது. இன்று வீட்டுக்குப் பின்னால் இருக்கும் 3 சென்ட் உங்கள் பெயரில் பட்டா ஆகியிருக்கிறது. அதில் நீங்களே எசமான், நீங்களே வேலையாள். 1891இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலில், தமக்குச் சொந்தமான நிலத்தில் உழைப்பவர் அந்த மண்ணையே நேசிக்கக் கற்றுக்கொள்வார் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார்.

இனி நடைமுறைக்கு வருவோம். நாம் வேளாண்மைக் கல்லூரியில் படித்தவர் அல்லர். குருமடத்தில் தோட்ட வேலை செய்த பழக்கமும், பங்கு பங்காகப் போன இடங்களில் பெரியவர்களிடம் கேட்டதும்தான் நம் படிப்பு.

கீரையிலிருந்து தொடங்குங்கள். முளைக்கீரையும் சிறுகீரையும் ஒரு மாதத்திற்குள் பறிக்கலாம். புதிதாகத் தொடங்குபவர்களின் பொறுமைக்கு அதுதான் அளவு. விதை மிகச் சிறிது. மணலோடு கலந்து தூவினால்தான் சீராக விழும். அரைக்கீரை ஒருமுறை விதைத்தால் கிள்ளக் கிள்ளத் தழைக்கும். ஆடிப்பட்டத்தில் பாகல், புடல், பீர்க்கு, அவரையைப் பந்தலுக்கு ஊன்றலாம். கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு நாற்று விட்டு நட வேண்டும். மழை நேரத்தில் தண்ணீர் தேங்காமல் பாத்தியைச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள். பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 முருங்கை விதை போட்டால் ஆறேழு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். பழைய நாட்டு முருங்கை வேண்டுமானால் போத்து வெட்டி நடுங்கள், நெடுநாள் நிற்கும். அசுவினி வந்தால் அடுப்புச் சாம்பலைக் காலைப் பனியில் தூவுவது நம் பாட்டிமார் வழி. இப்போது அடுப்புச் சாம்பல் ஏது என்று கேட்பீர்கள். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடித்துத் தெளியுங்கள்.

தண்ணீர் இல்லையே என்பது அடுத்த கேள்வி. குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் தெருவில் ஓடிக் கொசுவை வளர்க்கின்றன. அதைக் கல்வாழை நட்ட ஒரு குழி வழியாக விட்டு, வாழைக்கும் பப்பாளிக்கும் திருப்பிவிடுங்கள். கீரைப் பாத்திக்கு மட்டும் அந்த நீர் வேண்டாம். அதற்கு நல்ல நீரே ஊற்ற வேண்டும். காய்கறித் தோலும் உதிர்ந்த இலையும் குப்பைத்தொட்டிக்குப் போக வேண்டியவை அல்ல. நிழலில் ஒரு குழி வெட்டி, ஓர் அடுக்குக் குப்பை, ஓர் அடுக்குச் சாணம் அல்லது ஆட்டுப் புழுக்கை என்று போட்டு ஈரம் காயாமல் வைத்தால் சில மாதங்களில் கறுத்த எருவாகிவிடும்.

கோழியில் நாட்டுக்கோழியே நல்லது. முட்டை குறைவாக இடும். ஆனால் தானே அடைகாத்து 21 நாளில் குஞ்சு பொரித்துத் தானே வளர்க்கும். வாங்கித் திணிக்கும் தீவனம் வேண்டியதில்லை. சிந்திய அரிசியும் நொய்யும் கீரைத் தண்டும் போதும். குஞ்சுகளுக்குக் கரையான் பிடிப்பதற்கு ஒரு பழைய வழி உண்டு. ஓட்டைப் பானையில் கந்தல் சாக்கும் காய்ந்த சாணமும் அடைத்து, நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரு வாரத்தில் பஞ்சாரமே காலியாகிவிடும். வந்தபின் மருந்து இல்லை. குஞ்சு பொரித்த முதல் வாரத்திலேயே சொட்டு மருந்தும், எட்டு வாரத்தில் ஊசியும் போட்டுவிட வேண்டும். கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பிப்ரவரி மாதத்தில் முகாம் நடத்தும்போது ஒலிபெருக்கியில் நாமும் அறிவிக்கிறோம்.

ஆடு வாங்க நினைப்பவர்கள் ஓராண்டு கோழியும் கீரையும் பார்த்தபின் வாங்குங்கள். ஐந்து மாதத்தில் குட்டி போடும், பெரும்பாலும் இரட்டை. வேலியோரத்தில் அகத்தியும் வேம்பும் இருந்தால் தழைக்கு அலைய வேண்டாம். மழைக்காலத்துக்கு முன் துள்ளுமாரி ஊசியும், குடற்புழு நீக்க மருந்தும் மறக்கலாகாது. ஈரத்தரை ஆட்டுக்குப் பகை. மூங்கிலிலோ பனஞ்சட்டத்திலோ ஒரு பரண் போட்டுவிடுங்கள். கழுத்தில் கயிற்றைக் கட்டி வெயிலில் விட்டுவிட்டு வேளாங்கண்ணிக்குப் போய்விடுவது வளர்ப்பு ஆகாது. வாயில்லாச் சீவன் கணக்குக் கேட்காது, படைத்தவர் கேட்பார்.

வேளாங்கண்ணி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மூன்று நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் கோழிக்கு யார் தண்ணீர் வைப்பது? பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சொல்ல வேண்டுமானால் முதலில் அவர்களோடு பேச்சுவார்த்தை இருக்க வேண்டும். நம் பங்கில் பாகப்பிரிவினையில் மனம் முறிந்து, நடுவில் மதில் எழுப்பி, ஒரே கோவிலில் இரு மூலையில் நிற்கும் அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். பெயர் சொல்லப்போவதில்லை, அவர்களுக்கே தெரியும். மதில் தாண்டிப் படரும் பாகற்கொடிக்குப் பாகப்பத்திரம் தெரியாது. இந்தப் பக்கம் காய்த்ததை அந்தப் பக்கம் கொடுப்பது ஒரு தொடக்கமாக இருக்கலாம். அதே சமயம் கோழி அடுத்த வீட்டு நாற்றங்காலைக் கிளறியதால் மூண்ட சண்டைகளையும் நாம் போதுமானவரை தீர்த்துவைத்திருக்கிறோம். ஆகவே வேலி அடைத்தபின் கோழி வாங்குங்கள். கோழி வாங்கியபின் வேலியைப் பற்றி யோசிக்காதீர்கள்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பண்ணை வைக்கிறோம் என்று உற்சாகமாக ஆரம்பித்துவிட்டு, இரண்டாம் வாரமே எல்லாப் பாரத்தையும் வீட்டுத் தாயின் தலையில் போட்டுவிடுவது நம்மவர் வழக்கம். சோறாக்கி, துணி துவைத்து, மகளிர் குழுவுக்குத் தவணை கட்டி, நூறு நாள் வேலைக்கும் போய்வரும் பெண்ணுக்கு ஆட்டுக்கொட்டிலும் சேர்ந்தால் அது நன்மை அன்று, கொடுமை. கொட்டிலைக் கூட்டுவதும், தண்ணீர் சுமப்பதும் ஆண்பிள்ளைகள் வேலை என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மாலை ஆறு மணிக்குப் பாத்தியில் நிற்பவர் அந்த நேரத்தில் வேறிடத்தில் நிற்க முடியாது என்பது தாய்மார்களுக்குக் கூடுதல் ஆறுதல். குடிப்பழக்கம் கீரைப்பாத்தியால் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அதற்கு வேறு சிகிச்சை உண்டு, தனியே வந்து பேசுங்கள்.

இடமே இல்லாதவர்கள் என்ன செய்வது என்று முன்வரிசையில் ஒரு தாயார் கேட்கிறார். நியாயமான கேள்வி. காலனி வீடுகளில் மாடியில் சிமெண்டுச் சாக்கிலும் பழைய வாளியிலும் கத்தரியும் தக்காளியும் வளர்க்கிறார்கள். தண்ணீர் வடிய அடியில் துளை இருந்தால் போதும். அதுவும் முடியாதவர்களுக்கென நாம் ஒன்று யோசித்திருக்கிறோம். கோவிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி 20 சென்ட் நிலம் பங்கின் பெயரில் சும்மா கிடக்கிறது. அதைக் கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்று சிலர் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். வாடகை வரும் என்பது உண்மைதான். ஆனால் இடமில்லாத பத்துக் குடும்பங்களுக்கு ஆளுக்கு 2 சென்டாக, ஒரு கிணற்றின் தண்ணீரில், பயிர் செய்யக் கொடுக்கலாம் என்பது நம் கருத்து. லேவியர் நூலில், அறுவடையின்போது வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்ற கட்டளை உண்டு. செங்கல் சூளையில் வேலை செய்யும் வடமாநிலத்துப் பிள்ளைகளின் குடும்பங்களையும் அந்தப் பத்தில் சேர்க்க வேண்டும் என்று நாம் கேட்டுக்கொள்வோம். பங்குப் பேரவை அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானிக்கட்டும். நிலம் உங்களுடையது, நாம் மாற்றலாகிப் போகிறவர்.

விதைப் பொட்டலங்கள் சாக்கிறிஸ்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் அன்பியத்துக்கு ஒருவராக வந்து வாங்கிக்கொள்ளலாம், காசு இல்லை. அடுத்த ஆண்டு ஒரு பிடி விதையாகத் திருப்பித் தர வேண்டும், அதுதான் விலை. ஆகஸ்டு 15 தேவதாயின் விண்ணேற்புத் திருநாளில் கீரையோ காயோ முட்டையோ வீட்டில் விளைந்ததைக் காணிக்கை ஊர்வலத்தில் கொண்டுவாருங்கள். மந்திரித்தபின் கோவில் ஏலத்தில் விடுவோம், அந்தப் பணம் கிணற்றைத் தூர்வார. கோழிக்குஞ்சு வேண்டுவோர் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள். வீட்டுக்கு 5 குஞ்சுக்கு மேல் கிடையாது. வேலி அடைத்தாயிற்றா என்று அவர் நேரில் வந்து பார்த்த பிறகுதான் தருவார்.